மலையை வெட்டி ஒரு மொட்டை மாடி

பதிவு போட்டு ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி என்கிற வழக்கமான சாக்கை இந்தத் தடவை சொல்லப் போறதில்லை. வீட்டுல ஒரு பஞ்சாயத்து ஓடிட்டு இருந்துச்சு. எனக்கும் அப்பாவுக்கும். பிரச்சினை ஒரு வீடு. இன்னும் கட்டவே கட்டாத வீடு :-)

நமக்குச் சொந்த ஊர் பெரியகுளம். வெயில் காலத்துல மொட்டை மாடியில பாய் விரிச்சுப் படுத்தா, வடக்கே மலை சுவர் மாதிரி நிக்கும். இருட்டினதும் உச்சியில புள்ளி புள்ளியா வெளிச்சம் தெரியும். "அதாண்டா கொடைக்கானல்"னு அப்பா கை நீட்டிக் காட்டுவார். முப்பது வருஷத்துக்கு மேல கணக்கு வாத்தியார். புழுக்கத்துல விசிறிக்கிட்டே சொல்லுவார்: "ரிட்டயர் ஆகட்டும். அந்த லைட்டுல ஒண்ணு நம்ம வீட்டு லைட்டு."

ரிட்டயர் ஆயிட்டார். பணமும் வந்துடுச்சு. அதே நேரம் பார்த்து ஒரு வழவழ பேப்பர் விளம்பரமும் வீடு தேடி வந்துடுச்சு. மலைச்சரிவில் வரிசையாக வில்லாக்கள், மூணு பெட்ரூம், தரையிலிருந்து கூரை வரைக்கும் கண்ணாடி, கண்ணாடிக்கு வெளியே மேகம். (எந்தக் கம்பெனி, மலையில எந்தப் பக்கம்னு கேட்காதீங்க. ஒரு கம்பெனியைத் திட்டுறது இல்ல இந்தப் பதிவோட நோக்கம்.) மாசக் கடைசிக்குள்ள டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தா சலுகை விலையாம். போன ஜனவரியில நான், அப்பா, அம்மா மூணு பேரும் இ-பாஸ் எடுத்துட்டு மலையேறினோம்.

அங்க பார்த்ததைச் சொல்றேன். நல்ல சரிவான இடம். அதைப் பொக்லைன் விட்டு, கேக் வெட்டுற மாதிரி வெட்டி, பெரிய பெரிய படிக்கட்டா ஆக்கி வச்சிருந்தாங்க. ஒவ்வொரு படியிலயும் ஒரே அச்சுல வார்த்த மாதிரி ஒரு வீடு. தட்டையான கான்கிரீட் கூரை. முன்னாடி ஒரு தூண், அதுல ஒட்டின கல். பக்கத்துல கார் நிறுத்த இடம். காட்டிட்டு வந்த பையன் பெருமையா சொன்னான்: "சார், சென்னையில ஓஎம்ஆர் பக்கம் எங்க ப்ராஜெக்ட் சூப்பர் ஹிட். அதே பிளான், அதே எலிவேஷன்தான் இங்கயும்."

எனக்கு அங்கயே சுருக்குனு ஒண்ணு தைச்சது. ஓஎம்ஆர்ல சூட்டுக்கும் சமதரைக்கும் போட்ட பிளான் ஏழாயிரம் அடி உயரத்துல எப்படிங்க சரியா வரும்?

அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. "தம்பி, துணி எங்க காயப் போடுறது?"

"மொட்டை மாடி இருக்குல்ல மேடம்!"

சாயங்காலம் வட்டக்கானல் போனோம். மூணு மணிக்கே மேகம் வந்து எதிர்ல நிக்கிற ஆள் தெரியலை. ஒரு டீக்கடைக்குள்ள ஒதுங்கினோம். கடைக்குப் பின்னாடியே அந்த அக்காவோட வீடு. தகரக் கூரை நல்லா சாய்ச்சுப் போட்டிருந்துச்சு. முன் ரூம்ல இருந்து ரெண்டு படி இறங்கினா சமையல் கட்டு, இன்னும் ரெண்டு படி இறங்கினா பின் ரூம். சரிவு எப்படி இறங்குதோ வீடும் அப்படியே இறங்குது. அடுப்புக்கு மேல குறுக்கால கயிறு கட்டி, அதுல ஸ்கூல் யூனிபார்ம் தொங்குச்சு.

அம்மா அதே கேள்வியை அக்காகிட்டயும் கேட்டாங்க. அக்கா சிரிச்சுட்டாங்க. "ஐப்பசி கார்த்திகையில மூணு நாளானாலும் காயாதுங்கம்மா. எல்லாம் இப்படி அடுப்பு மேலதான். மொட்டை மாடி போட்டவங்க வீட்ல பாருங்க, ரெண்டு வருஷம் கழிச்சு அதுக்கு மேல தகரம் அடிச்சிருப்பாங்க."

மறுநாள் காலையில ஊரைச் சுத்தி வரும்போது எண்ணிப் பார்த்தேன். உண்மைதான். மொட்டை மாடி போட்டுட்டு, ஒழுக ஆரம்பிச்சதும் இரும்புக் குழாய் நட்டு மேல தகரம் போட்ட வீடுகள் ஏகப்பட்டது. அதாவது ரெண்டு கூரைக்குக் காசு. முதல்லயே சாய்ச்சுப் போட்டிருந்தா ஒரு கூரையோட முடிஞ்சிருக்கும்.

பஞ்சாயத்து ஆரம்பிச்சது வீட்டுக்குத் திரும்பின அப்புறம்தான். "இது வேண்டாம்ப்பா"னு நான் சொன்னேன். "நீ பெங்களூர்ல ஏசியில உக்காந்துகிட்டுப் பேசுவ. உனக்கு என்னடா தெரியும்?"னு அவர். ரெண்டு வாரம் போன்ல அம்மா மட்டும்தான் பேசினாங்க. அப்புறம்தான் எனக்குப் புத்தி வந்துச்சு. கணக்கு வாத்தியார்கிட்ட வாதம் பண்ணக் கூடாது, கணக்கைக் கொடுக்கணும். அடுத்த வாரம் ஊருக்குப் போய் ஒரு குயர் நோட்டை முன்னாடி வச்சுட்டேன். அவரே போட்ட கணக்கைத்தான் கீழே எழுதறேன்.

முதல் கணக்கு, மண்ணு. மூணு அடி நடந்தா ஒரு அடி இறங்குற சரிவுன்னு வச்சுக்குங்க. நாற்பது அடி ஆழமுள்ள வீட்டை அதுல சமதரையா உக்கார வைக்கணும்னா, முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் பதிமூணு அடிக்கு மேல வித்தியாசம். பாதியை வெட்டி, வெட்டின மண்ணை மறுபாதியில கொட்டி நிரப்பினா, பின்னாடி ஆறரை அடிக்கு வெட்டுச் சுவர், முன்னாடி ஆறரை அடிக்கு கொட்டின மண்ணு. வீட்டுல பாதி நிக்கிறது அந்தக் கொட்டின மண்ணு மேல. இப்ப அதே வீட்டை டீக்கடை அக்கா வீடு மாதிரி மூணு தளமா உடைச்சு, நடுவுல படி வச்சு இறக்குங்க. ஒவ்வொரு தளத்துலயும் வெட்டு ரெண்டே கால் அடிக்குள்ள அடங்கிடும். மொத்தம் வெட்டுற மண்ணு மூணுல ஒரு பங்கு. வீட்டோட பரப்பளவு ஒரு சதுர அடி கூடக் குறையலை!

அப்பா இந்தக் கணக்கை ரெண்டு தடவை போட்டுப் பார்த்தார். கிராப் தாளும் எடுத்து வரைஞ்சார். அப்புறம் ஒண்ணும் பேசலை.

மண்ணை வெட்டினா என்ன ஆகும்? வேர் பிடிச்சு நின்ன மண்ணு வெறும் சுவரா நிக்கும். மழைத் தண்ணி உள்ள இறங்கும். தடுப்புச் சுவர்ல தண்ணி வெளிய வர ஓட்டை விடலைன்னா, மண்ணோட பாரமும் தண்ணியோட பாரமும் சேர்ந்து சுவரைத் தள்ளும். 2024 டிசம்பர் முதல் தேதி திருவண்ணாமலையில் மலையடிவார வீட்டு மேல மண்ணும் பாறையும் சரிஞ்சு குழந்தைகளோட ஏழு பேர் செத்துப் போனாங்க. அங்க காரணம் வேற, ஃபெஞ்சல் புயல் கொட்டின பேய்மழை. ஆனா தண்ணி குடிச்ச சரிவு எப்படி நடந்துக்கும்னு நாம எல்லாரும் டிவியில பார்த்தோம். சரிவுல ஒருத்தர் வெட்டுற வெட்டுக்குக் கீழ் வீட்டுக்காரரும் ஜாமீன் கையெழுத்து போட்ட மாதிரி. அவரை யாரும் கேட்கிறதில்லை, அவ்வளவுதான்.

ரெண்டாவது கணக்கு, வெயில். கொடைக்கானல் பத்தேகால் டிகிரி வடக்கு அட்சரேகையில இருக்கு. குளிர் அதிகமான டிசம்பர் கடைசியில, உச்சி வேளைச் சூரியன் தெற்கே சாய்ஞ்சு சுமார் 56 டிகிரி உயரத்துல நிக்கும். தெற்குப் பக்கம் ஜன்னல் வச்சா குளிர் காலத்துல வெயில் வீட்டுக்குள்ள வந்து விழும். ஜூன் மாசம் சூரியன் வடக்கே போயிடும், தெற்கு ஜன்னலுக்குத் தொந்தரவே இல்லை. இயற்கை இனாமாக் கொடுக்கிற ஹீட்டர் இது. வட்டக்கானல் பக்கம் தெற்கே பார்த்த சரிவுல வேடிக்கையும் வெயிலும் ஒரே பக்கம். ஆனா நாங்க பார்த்த வில்லாக்களோட பெரிய கண்ணாடி எல்லாம் ரோட்டைப் பார்த்து இருந்துச்சு. ரோடு வடக்கே. ரோட்டுல இருந்து பார்த்தா எலிவேஷன் தெரியணுமாம்! சூரியனை ஆராயறதுக்குன்னே 1899-ல ஆய்வகம் வந்த ஊருங்க இது. அங்க வீடு வரையறவங்க சூரியன் எந்தப் பக்கம்னு பார்க்கலை.

அந்தக் கண்ணாடியும் ஒத்தைக் கண்ணாடி. ஒன்பது அங்குல செங்கல் சுவர் வழியாப் போறதைப் போல ரெண்டு மடங்குக்கு மேல வெப்பம் அதே அளவு ஒத்தைக் கண்ணாடி வழியா வெளிய ஓடிடும். (நாலு வருஷம் மெக்கானிக்கல் படிச்சதுக்கு இப்பதான் ஒரு பிரயோஜனம்.) ராத்திரி உள்ள இருக்கிறவங்களோட மூச்சும் சமையல் ஆவியும் அந்தக் குளிர்ந்த கண்ணாடியிலயும் கான்கிரீட் கூரையிலயும் பட்டுத் தண்ணியாச் சொட்டும். கொஞ்ச நாள்ல மூலையில கருப்பா பூஞ்சணம். அதை "மழை ஒழுகுது"ன்னு நினைச்சு வாட்டர் ப்ரூஃபிங் பண்ணிட்டே இருக்கிறவங்க நிறைய பேர்.

மூணாவது கணக்கு, தண்ணி. அப்பாவுக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். ஆயிரத்து ஐந்நூறு சதுர அடிக் கூரை. அங்க வருஷத்துக்குச் சுமார் 1600 மில்லிமீட்டர் மழை. பெருக்கிப் பார்த்தா ரெண்டு லட்சம் லிட்டருக்கு மேல வருது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர்னு வச்சா நாலு பேர் குடும்பத்துக்கு வருஷத்துக்குத் தேவை கிட்டத்தட்ட அதே ரெண்டு லட்சம் லிட்டர்! கொஞ்சம் சிந்தும், கோடைக்குச் சேமிக்கத் தொட்டி பெருசா வேணும், எல்லாம் சரி. ஆனாலும் பாதிக்கு மேல கூரையிலேயே கிடைக்குமே? தமிழ்நாட்டுல 2003-லேயே மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியாச்சு. அந்தப் பையன்கிட்ட கேட்டதுக்கு "லாரித் தண்ணிக்கு நாங்க ஏற்பாடு பண்ணித் தருவோம் சார்"னு சொன்னான்.

வர்ற தண்ணி இப்படின்னா, போற தண்ணி? வில்லா ஒவ்வொண்ணுக்கும் தனி செப்டிக் டேங்க், உறிஞ்சு குழி. சமதரையில அது மண்ணுக்குள்ள மெதுவா இறங்கும். சரிவுல கொஞ்ச தூரம் தள்ளி ஊத்தா வெளிய வரும். அங்கிருந்து ஓடை. வட்டக்கானல் பக்கம் ஓடுற பாம்பாறு சோலைக்குள்ள புகுந்து மலையிறங்கி எங்க வருதுன்னு தெரியுமா? பெரியகுளத்துக்குப் பக்கத்துல கும்பக்கரை அருவியா. நான் நீச்சல் பழகின தண்ணி. இதைச் சொன்னப்ப அப்பா பேனாவைக் கீழ வச்சுட்டார்.

இப்ப சிலர் கேட்பீங்க, இதையெல்லாம் பார்க்கத்தானே சட்டம் இருக்குன்னு. இருக்கு. ஹாக்கான்னு சொல்ற மலையிடப் பாதுகாப்புக் குழுமம் 1990-ல வந்துச்சு. கொடைக்கானலுக்கு மாஸ்டர் பிளான் 1993-ல வந்துச்சு. ஆனா நம்ம பொதுச் சண்டை எல்லாம் மாடிக் கணக்குலயே நின்னுடுச்சு. பிளசன்ட் ஸ்டே ஹோட்டல் வழக்கு ஞாபகம் இருக்கும். ரெண்டு மாடிக்கு மேல இன்னும் அஞ்சு மாடி கட்டின ஹோட்டலுக்கு விதியைத் தளர்த்திக் கொடுத்தாங்கன்னு, பழனி மலைப் பாதுகாப்புக் கழகம் கோர்ட் வரைக்கும் போன விஷயம். 2000 பிப்ரவரி 2-ஆம் தேதி ஜெயலலிதாவுக்குத் தண்டனைத் தீர்ப்பு, அன்னைக்கே தர்மபுரியில பஸ் எரிப்பு, மூணு மாணவிகள் பலி. 2001 டிசம்பர்ல உயர் நீதிமன்றம் அவரை விடுவிச்சது. ஒரு மலைக் கட்டடத்தோட உயரம் தமிழ்நாட்டு அரசியலையே உலுக்கின கதை அது.

அப்புறம் 2019-ல மதுரைக் கிளை உத்தரவுப்படி விதிமீறின கட்டடங்கள்னு நூற்றுக்கணக்குல சீல் வச்சாங்க. அதுல பெரிய லாட்ஜ்காரங்களும் உண்டு, பிள்ளைங்க கல்யாணத்துக்காக ஒரு ரூம் ஏத்திக் கட்டின உள்ளூர்க்காரங்களும் உண்டு. 1993-ல போட்ட பிளானை ஊர் வளர வளரத் திருத்தாம வச்சிருந்துட்டு, ஒரு நாள் திடீர்னு அளவுகோலோட வந்தா இப்படித்தான் ஆகும். உள்ளூர் ஆளுக்கு வீடு வேணும். அதுல எனக்கு ரெண்டாவது கருத்தே கிடையாது.

நான் சொல்ல வர்றது வேற. ரெண்டே மாடி, அப்ரூவல் எல்லாம் பக்கா, பேங்க் லோன் கிடைக்கும். அப்படி ஒரு வீடும் மலைக்குத் தப்பான வீடா இருக்கலாம். நாங்க பார்த்தது அப்படிப்பட்டதுதான். பேப்பர் எல்லாம் சுத்தம், தப்பு வரைபடத்துல இருக்கு. மாடியை எண்ணத் தெரிஞ்ச நமக்கு வரைபடத்தைப் படிக்கத் தெரியலை.

"அப்ப வெள்ளைக்காரன் பங்களா மாதிரி கட்டச் சொல்றியா?"ன்னு அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. 1845-ல அமெரிக்க மிஷனரிங்க முதல் பங்களாக்களைக் கட்டினது அவங்க வசதிக்கு. கல்லுச் சுவர், சாய்ஞ்ச கூரை, கணப்பு, வெயில் காயக் கண்ணாடி போட்ட வராண்டா. அந்த வராண்டாவுல துணியும் காயும்கிறது அம்மாவோட கண்டுபிடிப்பு :-) ஆனா அந்தப் புத்தி அவங்களுக்கு மட்டும் சொந்தம் இல்லை. நீலகிரியில தோடர்கள் அரை வட்டமா வளைச்சு, தவழ்ந்து நுழையற சின்ன வாசல் வச்சுக் கட்டினதும் சூடு வெளிய போகாம இருக்கத்தான். நம்ம பூம்பாறையை மேல ரோட்டுல இருந்து பாருங்க. வீடுகள் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு ஒரே கொத்தா இருக்கும், சுத்தி அடுக்கடுக்கா வயல். நிலத்தைத் துண்டு போட்டு ஆளுக்கொரு காம்பவுண்டு, ஆளுக்கொரு ரோடுன்னு அவங்க யோசிக்கலை. நாற்பது வில்லாவுக்கு நாற்பது வெட்டு வெட்டறதுக்குப் பதிலா, நாலு கொத்தா ஒட்டிக் கட்டிட்டு மிச்சத்தைக் காடா விட்டா ரோடும் மிச்சம், வெட்டும் மிச்சம். காட்டு மாடு போற வழியும் மறியாது.

செலவு? லாரி பேக்கர் பிதோராகர் மலையில பல வருஷம் வாழ்ந்துட்டு அப்புறம் கேரளா வந்தவர். செங்கல்லை நிமிர்த்தி வச்சு நடுவுல காத்து இடைவெளி விடுற எலிப்பொறிக் கட்டு முறையை நம்ம பக்கம் பரப்பினவர். செங்கல் கால் பங்கு மிச்சம், நடுவுல இருக்கிற காத்து குளிரையும் தடுக்கும். வேலை தெரிஞ்ச கொத்தனார் வேணும்கிறது உண்மை. ஆனா காசு ஜாஸ்திங்கிறது உண்மை இல்லை.

அதனால மலையில வீடு வாங்கற யோசனையில இருக்கிற மக்களே, பேப்பர் எல்லாம் வக்கீல்கிட்ட காட்டிட்டு, கீழ இருக்கிற அஞ்சையும் விக்கிறவங்ககிட்ட கேளுங்க. எவ்வளவு உயரத்துக்கு மண்ணை வெட்டினீங்க? வீடு நிக்கிறது வெட்டின தரையிலயா, கொட்டின மண்ணுலயா? டிசம்பர்ல எந்த ரூமுக்கு வெயில் வரும்? கக்கூஸ் தண்ணி கடைசியா எங்க போய்ச் சேரும்? அஞ்சாவது எங்க அம்மாவோடது: துணி எங்க காயும்?

அஞ்சாவதுக்குப் பதில் இல்லைன்னா, அந்த வீட்டை வரைஞ்சவர் அதுல ஒரு குடும்பம் வருஷம் முழுக்கக் குடியிருக்கும்னு நினைக்கவே இல்லைன்னு அர்த்தம். ரெண்டு நாள் வந்து போட்டோ எடுத்துட்டுப் போறவங்களுக்கு வரைஞ்ச வீடு அது. அந்த ஆசை நம்மகிட்ட இருக்கிற வரைக்கும் அவங்க அதைத்தான் விப்பாங்க. இதுல கம்பெனிக்காரங்களை மட்டும் குத்தம் சொல்லிப் பிரயோஜனமில்லை. அந்த விளம்பரத்தைப் பார்த்து முதல்ல வாயைப் பொளந்தது நானும்தான்.

அப்பா அட்வான்ஸ் கொடுக்கலை. ஆனா எனக்கு அதுல சந்தோஷம் இல்லை. ஒரு மனுஷன் முப்பது வருஷம் கை நீட்டிக் காட்டின லைட்டை நான் அணைச்சுட்ட மாதிரி ஒரு உறுத்தல். போன வாரம் ஊருக்குப் போயிருந்தப்ப நோட்டைத் திறந்து பார்த்தேன். கணக்குக்கு அப்புறம் நாலு பக்கம் தள்ளி, கிராப் தாள்ல ஒரு சின்ன வீடு. மூணு தளமா இறங்குது. கூரை சாய்ஞ்சிருக்கு. தெற்கே ஒரு நீளமான கண்ணாடி வராண்டா, அதுல குறுக்கே ஒரு கோடு இழுத்துப் பக்கத்துல பென்சில்ல எழுதியிருக்கார்: "கொடி".

நிலம் எங்க, காசு பத்துமான்னு நான் கேட்கலை. அவரும் சொல்லலை.

டிஸ்கி: நான் ஆர்க்கிடெக்ட் இல்லை, பொட்டி தட்டுறவன். கட்டடத் தொழில்ல இருக்கிற பதிவர்கள் யாராவது கணக்குல தப்பு கண்டுபிடிச்சா பின்னூட்டத்துல சொல்லுங்க. வாத்தியார்கிட்ட காட்டிடறேன். அவர் ஒத்துக்குவாரான்னு மட்டும் கேட்காதீங்க.